ஆனியில் நிறுத்தி மார்கழியில் எடுக்கும் கேரவன்: என்னென்ன செய்து வைக்கணும்?

தோப்புக்கார_கேரவன் (பொள்ளாச்சி) கேட்டது:

வணக்கமுங்க. டெம்போ டிராவலர் சேஸில கரூர்ல பாடி கட்டின கேரவன், பி.எஸ்.6 (புதுப் புகை விதி) டீசல். பள்ளிக்கூட லீவு முடிஞ்சு ஆனியில நிறுத்தினா மார்கழியிலதான் மறுக்கா எடுக்கறது. நிறுத்தற இடம் சாளைக்கு (தோட்டத்து வீடு) பக்கத்துல. மண் தரை, சுத்தியும் தென்னை.

உள்ள இருக்கறது: நல்ல தண்ணி டேங்க் 100 லிட்டர், கழிவுத்தண்ணி டேங்க் 70 லிட்டர், 12 வோல்ட் பம்ப், 10 லிட்டர் கீசர், கேசட் டாய்லெட் (கழிவுப் பெட்டியைத் தனியா உருவி எடுக்கற வகை), 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ், 200 ஆம்பியர்-ஹவர் லித்தியம் பேட்டரி, கூரையில 2 சோலார் பேனல், 5 கிலோ கேஸ் சிலிண்டர், வெளியில வெச்சு ஓட்டற சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர்.

வெளிநாட்டு வீடியோவுல எல்லாம் தண்ணிக் குழாய்க்குள்ள ரோஸ் கலர் ஆன்டிஃப்ரீஸ் ஊத்தச் சொல்றாங்க. நம்மூருக்கு அது வேணுங்களா? வாரம் ஒருக்கா ஸ்டார்ட் பண்ணிப் பத்து நிமிஷம் விட்டாப் போதும்னு டிரைவர் சொல்றாரு. மேல தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டிடலாம்னு ஒரு யோசனை. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

பாடிபில்டர்_கரூர்:

ஆன்டிஃப்ரீஸ் வேண்டாமுங்க. அது தண்ணி உறைஞ்சு குழாய் வெடிக்கிற ஊருக்கு. பொள்ளாச்சியில வண்டியைக் கெடுக்கறது ஈரம், காத்து, எலி, அடைச்சு வெச்ச சூடு இந்த நாலும்தான். அதனால இங்க செய்ய வேண்டியது, தண்ணியை ஒட்டுக்கா வெளிய எடுத்துட்டு, காத்து மட்டும் போய் வர்ற மாதிரி நிறுத்தறது.

முதல்ல இடம். தென்னைக்கு அடியில வண்டி நிக்கவே கூடாது. காய் விழுந்தா பேனல் கண்ணாடி போச்சு, மட்டை விழுந்தா கூரை ஹேட்ச் (மேல் ஜன்னல்) போச்சு. தூர்ல இருந்து 20 அடியாவது தள்ளி, சாய்ஞ்ச மரமா இருந்தா இன்னும் எச்சாவா தள்ளி நிறுத்துங்க. வண்டி மூஞ்சி மேக்க பாத்து இருக்கட்டும். ஆனி, ஆடியில பாலக்காட்டுக் கணவாய்ல இருந்து வர்ற காத்து சாரலோட பக்கவாட்டு ஜன்னல் ரப்பர்ல அடிச்சா, ஒரு சீசன்ல உள் ப்ளைவுட் உப்பிரும். நேரா வாங்கறதுக்கு முன் கண்ணாடி தாங்கும். மண் தரையில புல்லைச் செதுக்கிட்டு ஜல்லி கொட்டி, டயர் நிக்கற நாலு இடத்துல மட்டும் பழைய கன்வேயர் பெல்ட் துண்டு போடுங்க. மரப்பலகை போட்டா கறையான் ஏறும். முன் பக்கம் ஒரு ரெண்டு இஞ்ச் தூக்கி இருந்தா கூரைத் தண்ணி தேங்காம பின்னால ஓடிரும்.

தார்ப்பாய் வேண்டவே வேண்டாம். ஆடிக் காத்துல அம்மியே பறக்கும்னு சொல்ற ஊர்ல, தார்ப்பாய் ராத்திரி பகலா அடிச்சுக்கிட்டே இருக்கும். அடியில சிக்கின தூசி உப்புக்காகிதம் மாதிரி பெயிண்டையும் அக்ரிலிக் ஜன்னலையும் தேய்ச்சுரும். அதோட ஈரம் உள்ளயே நின்னு பூஞ்சை பிடிக்கும். முடிஞ்சா வண்டி மேல தொடாம, நாலு பக்கமும் திறந்த தகரக் கொட்டகை போடுங்க. இல்லீன்னா வெறுமையா நிக்கறதே தேவலை. ஜன்னலுக்கு உள்பக்கம் வெள்ளை மறைப்பு போட்டாப் போதும்.

கூரையில ஏறி ஹேட்ச் ஓரம், ஏ.சி. ஓரம், சோலார் வயர் இறங்கற இடம், மூலை பீடிங் இந்த நாலையும் விரல்ல அமுக்கிப் பாருங்க. வெடிப்பு இருந்தா பழசைச் சுரண்டி எடுத்துட்டு பாலியூரிதேன் சீலன்ட் வைங்க. ஹார்டுவேர் கடையில கிடைக்கிற வினிகர் வாசம் அடிக்கிற பாத்ரூம் சிலிக்கானைத் தடவாதீங்க. அதுல வர்ற அசிட்டிக் அமிலம் தகரத்தை அரிக்கும். அது மேல பிற்பாடு வேற எந்த சீலன்ட்டும் ஒட்டாது. வெச்சு ஒரு நாள் காய்ஞ்ச பொறவு ஹோஸ்ல தண்ணி அடிச்சு, ஒருத்தர் உள்ள இருந்து பாக்கணும்.

தண்ணி எடுக்கற முறை. பல்லடம், காங்கேயம் பக்கத்து போர் தண்ணி பிடிச்சு ஓட்டியிருந்தா கீசர்ல உப்புப் படிஞ்சிருக்கும். காலி பண்றதுக்கு முன்னால டேங்க்ல 20 லிட்டர் தண்ணியும் 400 கிராம் எலுமிச்சை உப்பும் கலக்கிப் பம்ப் போட்டு, சுடுதண்ணிக் குழாய்ல புளிப்பு வர்ற வரைக்கும் ஓட்டிட்டு ரெண்டு மணி நேரம் விடுங்க. அப்புறம் நல்ல தண்ணியில ரெண்டு தடவை அலசுங்க. சிறுவாணித் தண்ணியே ஓட்டியிருந்தா இந்த வேலை தேவைப்படாது.

இப்ப கீசர் கரன்ட்டை நிறுத்தி, ஆறின பொறவு அதோட ட்ரெயின் ப்ளக்கைத் திறங்க. டேங்க் அடி காக் திறங்க. எல்லாக் குழாயையும் சூடு, குளிர் ரெண்டும் வர்ற நடு நிலையில திறந்து விடுங்க. ஷவர் கைப்பிடியைக் கழட்டித் தரையில தொங்க விடுங்க. தண்ணி நின்னதும் பம்பை அரை நிமிஷம் வெறுமையா ஓட்டி நிறுத்துங்க, அதுக்கு மேல ஓட்டினா டயாஃப்ரம் சூடாகும். பம்புக்கு முன்னால இருக்கற ஜல்லடைக் கிண்ணத்தைக் கழட்டிக் கழுவுங்க. எல்லாரும் மறக்கறது அதுதான். அங்க நிக்கற ஒரு மடக்குத் தண்ணி ஆறு மாசத்துல வழவழன்னு பாசியாகி, பம்ப் முழுக்க நாத்தம் ஏறிரும். பஞ்சர் கடை கம்ப்ரஸர் கிடைச்சா, 30 பி.எஸ்.ஐ.க்கு மேல போகாம, ஒவ்வொரு குழாயா திறந்து ஊதிவிடுங்க. குடிதண்ணி ஃபில்டர் கேட்ரிட்ஜை எடுத்து வீசிட்டு, சீசன் தொடங்கறப்பப் புதுசு போட்டுக்கலாம்.

கழிவுத்தண்ணி டேங்கைச் சோப்புச் சுடுதண்ணி விட்டு வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டிக் குலுக்கி, திறந்து விட்டு, வால்வு திறந்தபடியே வாயில நைலான் கொசுவலை கட்டுங்க. கூரைக்குப் போற காத்துக்குழாய்க்கும் வலை கட்டணும். தேங்கின தண்ணி கொஞ்சம் இருந்தாலும் டெங்குக் கொசு அங்க முட்டையிடும். சிங்க் அடியில இருக்கற வளைவுல தண்ணி காய்ஞ்சதும் கரப்பான் அந்த வழியா மேல வரும். அதனால சிங்க், ஷவர் துளைகளுக்கு ரப்பர் அடைப்பு போட்டுருங்க.

கேசட் டாய்லெட்டைக் கழுவிக் காய வெச்சு, தகடு வால்வைத் திறந்த நிலையில விடுங்க. மூடியே இருந்தா ரப்பர் சீல் அமுங்கி வடிவம் மாறிரும், அப்புறம் ஓட்டத்துல ஒழுகும். சீலுக்கு சிலிக்கான் கிரீஸ் மட்டும்தான். வீட்டுல இருக்குதேன்னு தேங்காயெண்ணெயோ வாசலினோ தடவினா ரப்பர் உப்பிக் கெட்டுப்போகும்.

மெத்தையை எல்லாம் நிமித்தி நிறுத்தி, அலமாரிக் கதவு திறந்து, ஃப்ரிட்ஜ் கதவுக்கு ஒரு கட்டை கொடுத்து வைங்க. கூரை ஹேட்ச் மழைமூடியோட இருந்தா ஒரு இஞ்ச் திறந்து வலை போட்டு விடலாம். கால்சியம் குளோரைடு ஈரம் உறிஞ்சி டப்பா ரெண்டு வெச்சா நல்லது. ஆனா ஒரு பேசின்ல வெச்சு, மாசம் ஒருக்கா ஊறி நிக்கற தண்ணியைக் கொட்டணும். கவிழ்ந்தா அந்தத் தண்ணி இரும்பைத் தின்னுரும்.

---

பன்னிரண்டு_வோல்ட் (கோவை):

மின்சாரப் பக்கம் மட்டும் சொல்கிறேன்.

லித்தியம் பேட்டரியை முழுச் சார்ஜில் ஆறு மாதம் வைக்காதீர்கள். 50 முதல் 60 சதவீதத்தில் வைப்பதுதான் சரி. முழுச் சார்ஜும் சூடும் சேர்ந்தால் செல்லின் ஆயுள் குறையும், வெயிலில் மூடிய வண்டிக்குள் சூடு 50 டிகிரியைத் தொடும். ஸ்க்ரூவைக் கழற்றி பேட்டரியைச் சாளைக்குள் நிழலில் வைக்க முடிந்தால் அதுவே மேல். வண்டியிலேயே இருந்தால் ரெண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பி.எம்.எஸ். (பேட்டரியைக் கண்காணித்துக் காக்கும் மின்சுற்று) செயலியில் சதவீதம் பாருங்கள். லித்தியத்தில் வோல்ட் மீட்டரை மட்டும் நம்பக்கூடாது. நடுப்பகுதி முழுக்க வோல்டேஜ் கிட்டத்தட்ட ஒரே அளவில் நிற்கும், 70 சதவீதமா 40 சதவீதமா என்று அது காட்டாது.

சோலாரை நிறுத்தும் வரிசை முக்கியம். முதலில் பேனல் பக்க ஐசொலேட்டர் அல்லது ஃபியூஸைக் கழற்ற வேண்டும், அதன் பிறகே பேட்டரி பக்கம். மாற்றிச் செய்தால் பேட்டரி இல்லாமல் பேனல் வோல்டேஜ் மட்டும் சோலார் சார்ஜ் கன்ட்ரோலரில் நிற்கும். எம்.பி.பி.டி. வகைக் கன்ட்ரோலர்கள் சில அதில் கெட்டுப்போகும். மறுபடி மாட்டும்போது பேட்டரி முதலில், பேனல் கடைசியில்.

மெயின் சுவிட்சை அணைத்துவிட்டோம் என்று இருந்துவிடாதீர்கள். கேஸ் கசிவு அலாரம், ஸ்டீரியோவின் நினைவு வயர், நீல விளக்கு எரியும் யு.எஸ்.பி. சாக்கெட், இன்வெர்ட்டரின் ஸ்டாண்ட்பை ஆகியவற்றைப் பல வண்டிகளில் சுவிட்சைத் தாண்டி நேராகப் பேட்டரியில் மாட்டியிருப்பார்கள். மல்டிமீட்டரை ஆம்பியரில் வைத்து நெகட்டிவ் வயரோடு தொடராகப் போட்டுப் பாருங்கள். வெறும் 20 மில்லிஆம்பியர் ஓடினாலே 180 நாளில் 86 ஆம்பியர்-ஹவர் போய்விடும். 60 சதவீதத்தில் வைத்த உங்கள் பேட்டரி அதோடு முக்கால்வாசி காலி. பி.எம்.எஸ். அடியோடு வெட்டிய பிறகும் கவனிக்காமல் விட்டால் செல் மீளாது. இன்வெர்ட்டரைக் கழற்றும்போது அதன் கெப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கும், சிறிது நேரம் விட்டுத் தொடுங்கள்.

இன்ஜின் பேட்டரி லெட்-ஆசிட் என்பதால் அதற்கு நேர்மாறான விதி. முழுச் சார்ஜில்தான் வைக்க வேண்டும். ஓய்வில் 12.7 வோல்ட் இருந்தால் முழுசு, 12.4க்குக் கீழே நின்றால் தகட்டில் சல்பேட் படிய ஆரம்பிக்கும். நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி, மாதம் ஒருமுறை வோல்டேஜ் பார்த்து, 12.4 வந்ததும் சார்ஜ் போடுங்கள். ஜி.பி.எஸ். கருவி இருக்கும் வண்டியில் இது கட்டாயம்.

---

டீசல்_பம்ப்_பல்லடம்:

டிரைவர் தம்பி சொல்றது பழைய வண்டிக் கணக்குங்க. பி.எஸ்.6ல வாரம் பத்து நிமிஷம் ஐட்லிங் விட்டா நல்லதை விடக் கெடுதல் எச்சு. இன்ஜின் முழுச் சூட்டுக்கு வராது, உள்ள சேர்ந்த ஈரம் ஆயில்லயே தங்கும். டி.பி.எஃப்.ல (புகைக் கரியைப் பிடிக்கற ஃபில்டர்) கரி மட்டும் சேரும், அதை எரிக்கற சூடு சைலன்சருக்கு வராது. மார்கழியில வண்டி எடுத்ததும் டேஷ்போர்டுல விளக்கு எரியறதுக்கு இதுதான் முதல் காரணம். ஓட்டறதுன்னா மாசம் ஒருக்கா உடுமலை வரைக்கும் போய்த் திரும்பற அளவுக்கு, ஏ.சி.யையும் போட்டு ஓட்டுங்க. அது ஆகாதுன்னா தொடவே தொடாதீங்க.

நிறுத்தறதுக்கு முன்னாடி ஆயிலும் ஆயில் ஃபில்டரும் மாத்துங்க. ஓடின ஆயில்ல அமிலமும் ஈரமும் இருக்கும், ஆறு மாசம் பேரிங் மேல அதுதான் நிக்கும். புது ஆயில் போட்டு ஒரு 10 கிலோமீட்டர் ஓட்டிட்டு நிறுத்தணும். டீசல் டேங்க் கழுத்துக்குச் சித்த கீழ வரைக்கும் ரொப்பிருங்க. காலி இடம் இருந்தா பகல் சூடு, ராத்திரிக் குளிர்ல டேங்க் சுவர்ல வேர்த்துத் தண்ணி இறங்கும். தண்ணியும் டீசலும் சேர்ற இடத்துல பாசி மாதிரி ஒண்ணு வளரும், அது ஃபில்டரை அடைக்கும், இன்ஜெக்டரைக் கெடுக்கும். ஃபில்டர் அடியில இருக்கற தண்ணி ட்ரெயின் ஸ்க்ரூவை நிறுத்தறப்ப ஒருக்கா, எடுக்கறப்ப ஒருக்கா திறந்து விடுங்க.

ஆட்ப்ளூ (புகையைச் சுத்தம் பண்ற யூரியாக் கரைசல்) இருக்கற வண்டின்னா சாவி எடுத்ததும் பேட்டரியைக் கழட்டாதீங்க. பம்ப் குழாயில இருக்கறதை டேங்குக்குத் திருப்பி இழுக்கும். அஞ்சு நிமிஷம் போகட்டும். பாதியில வெட்டினா நாசில்ல யூரியா வெள்ளையாக் கட்டிக்கும். ஆட்ப்ளூ 30 டிகிரியில ஒரு வருஷம் போல தாங்கும், 35ல அதுல பாதிதான். கேன்ல மிச்சம் இருக்கறதைச் சாளைக்குள்ள நிழல்ல வைங்க.

ஹேண்ட்பிரேக் போடாதீங்க. மழைக்காலத்துல பின் டிரம்ல ஷூ ஒட்டிக்கும். முதல் கியர்ல விட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்க. டயருக்கு வழக்கமா வைக்கற காத்தை விட 5 முதல் 10 பி.எஸ்.ஐ. கூட வைங்க, பக்கச் சுவர்ல போட்டிருக்கற உச்ச அளவைத் தாண்டாம. மாசம் ஒருக்கா கால் சுத்து உருட்டி நிறுத்தினா ஒரே இடம் தட்டையாகாது. ஜாக்கி ஸ்டாண்டு போடறதுன்னா ஆக்ஸிலுக்கு அடியில போடுங்க. சேஸிஸ்ல போட்டுத் தூக்கினா பட்டை ஸ்பிரிங் மாசக்கணக்கா தொங்கிக்கிட்டு நிக்கும். டயர் மேல வெயில் படாம துணி மறைப்பு போடணும். பளபளப்புக்குத் தடவற எண்ணெய் பாலிஷ் வேண்டாம், வெடிப்பை அதுவே வரவைக்கும்.

எடுக்கறப்ப கிளட்ச் மிதிச்சும் கியர் விழலீன்னா பிளேட் துருப்பிடிச்சு ஃபிளைவீல்ல ஒட்டியிருக்கு. கியரை முறுக்கி உடைக்காதீங்க. இன்ஜினைச் சூடாக்கி, நிறுத்தி, நாலாவது கியர்ல கிளட்ச் மிதிச்சபடி முன்னும் பின்னும் ரெண்டு பேர் தள்ளி ஆட்டினா பெரும்பாலும் விட்டுரும்.

---

தோப்புக்கார_கேரவன்:

நெம்ப நன்றிங்க எல்லாத்துக்கும். தார்ப்பாய், வாரா வாரம் ஸ்டார்ட் ரெண்டையும் விட்டுட்டேன். எலிக்கு என்னங்க பண்றது? அந்துருண்டை, புகையிலை, வேப்பெண்ணெய்னு ஆளுக்கொண்ணு சொல்றாங்க. அணிலும் மரநாயும் வேற தோப்புல இருக்குது.

---

வலைக்கம்பி (உடுமலை):

வாசத்தை வெச்சு எலியை நிறுத்த முடியாதுங்க. புகையிலையும் வேப்பெண்ணெயும் சில நாள்ல வாசம் போயிரும், எலி பழகிக்கும். அந்துருண்டை மனுசனுக்குத்தான் கெடுதல். மூடின வண்டிக்குள்ள அந்த ஆவி மெத்தையில ஏறினா மாசக்கணக்குல போகாது, சின்னக் குழந்தைங்க படுக்கற இடம்.

ஓட்டை அடைக்கறதுதான் வேலை. சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் சந்து போதும், அதாவது ஒரு பென்சில் நுழையற இடம். மத்தியானம் வண்டிக்குள்ள இருட்டு பண்ணிட்டு, அடியில ஒருத்தர் டார்ச் அடிச்சு நகர்த்த, உள்ள எங்க வெளிச்சம் தெரியுதுன்னு பாருங்க. தண்ணிக்குழாய் இறங்கற இடம், கியர் லீவர் பூட், சிங்க் அடிப்பக்கம், படிக்கட்டுப் பெட்டி, பேட்டரிப் பெட்டியோட வயர் துளை, ஏ.சி. தண்ணி ஹோஸ் இங்கதான் இருக்கும். சின்ன ஓட்டைக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பாத்திரம் தேய்க்கற நாரைத் திணிச்சு மேல சீலன்ட் வைங்க. சாதா இரும்பு நார் மழையில துருவாகி உதிர்ந்துரும். ஃபோம் மட்டும் அடிச்சா எலி ஒரே ராத்திரியில கடிச்சுப் போட்டுரும். பெரிய துளைக்கு கால் இஞ்ச் கண் வெல்டு மெஷ். கேஸ் பெட்டியோட அடித் துளையை மட்டும் அடைச்சுராதீங்க, வலைதான் வைக்கணும். கசிஞ்ச கேஸ் காத்தை விடக் கனம், கீழ வழியாத்தான் வெளியேறும்.

எலி விஷம் வண்டிக்குள்ள வேண்டாம். தின்னுட்டுப் போய் உள்சுவர் ப்ளைவுட்டுக்குப் பின்னால செத்தா, பேனலைப் பிரிச்சாத்தான் நாத்தம் போகும். கூண்டும் பொறியும் வண்டிக்கு வெளிய, சக்கரத்துக்குப் பக்கத்துல வைங்க. உள்ள ஒரு அப்பளம், ஒரு பிடி அரிசி, சோப்பு, மெழுகுவத்திகூட இருக்கக் கூடாது. எலி வந்தா பின்னாலயே சாரைப்பாம்பு வரும். மார்கழியில பானட்டைத் திறக்கறப்பக் கையை விடறதுக்கு முன்னால டார்ச் அடிச்சுப் பாருங்க.

குளவியையும் மறக்காதீங்க. சைலன்சர் வாய், ஃப்ரிட்ஜ் காத்துத் துளை, ஜெனரேட்டர் புகைக்குழாய் இங்க எல்லாம் மண்கூடு கட்டும். கொசுவலையை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, ஸ்டியரிங்ல "சைலன்சர் வலை கழட்டு"ன்னு ஒரு சீட்டு தொங்க விடுங்க.

---

நீலகிரி_ஏத்தம் (மேட்டுப்பாளையம்):

ஆன்டிஃப்ரீஸ் பற்றி ஒன்று சேர்க்கணும். வண்டியை ஊட்டியில் நிறுத்துகிறவர்களுக்கு விடை வேறுங்க. மார்கழி, தை மாதத்தில் அங்கே உறைபனி விழும். குழாய் தாங்கினாலும் பம்ப் தலை, ஃபில்டர் கிண்ணம், டாய்லெட் ஃப்ளஷ் வால்வு ஆகிய பிளாஸ்டிக் உறுப்புகள்தான் முதலில் விரியும். பாடிபில்டர் அண்ணன் சொன்ன மாதிரி காற்றடித்துக் காலி செய்தால் அதுவே போதும். ஊற்றியே ஆகணும் என்றால் ப்ராப்பிலீன் கிளைகால் வகை மட்டும் ஊற்றுங்க. ரேடியேட்டர் கூலன்ட் எத்திலீன் கிளைகால், விஷம். குடிதண்ணிக் குழாய்க்குள் அது போகவே கூடாது.

ஜெனரேட்டர் பற்றி யாரும் சொல்லவில்லை. இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது காற்றிலிருந்து ஈரம் இழுத்து, அளவு மீறினால் தனியே பிரிந்து அடியில் தங்கும். டேங்கைக் காலி செய்து, தானாக நிற்கும்வரை ஓட்டி, கார்புரேட்டர் கிண்ண ஸ்க்ரூவைத் திறந்து மிச்சத் துளியையும் எடுங்க. ப்ளக்கைக் கழற்றி 5 மில்லி இன்ஜின் ஆயில் விட்டு, கயிற்றை மெதுவாக ரெண்டு முறை இழுத்து ப்ளக்கை மாட்டி, இறுக்கம் தெரியும் இடத்தில் நிறுத்தி வைத்தால் ரெண்டு வால்வும் மூடியிருக்கும், உள்ளே ஈரம் போகாது.

கேஸ் சிலிண்டரைக் கழற்றி, வாய்க்கு மூடி போட்டு, நிமிர்ந்தபடி காற்றோட்டமான வெளி இடத்தில் வைங்க. ஆரஞ்சு ஹோஸில் அச்சடித்த தேதியையும் பாருங்க. அஞ்சு வருஷம் ஆகியிருந்தால் மாற்றிவிட வேண்டியதுதான்.

---

பாடிபில்டர்_கரூர்:

மார்கழியில எடுக்கறப்பத் தண்ணி டேங்குக்கு ஒரு கணக்கு எழுதி வெச்சுக்கங்க. 100 லிட்டர் ரொப்பி, 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் 100 மில்லி ஊத்துங்க. அது 50 பி.பி.எம். வரும். வாசனை சேர்த்த தரை கழுவற வகை ஆகாது. பாட்டில் பழசா இருந்தா வீரியம் போயிருக்கும், புதுசு வாங்குங்க. எல்லாக் குழாயிலயும் குளோரின் வாசம் வர்ற வரைக்கும் ஓட்டி, நாலு மணி நேரம் விட்டு, வாசம் போற வரைக்கும் அலசுங்க. எலுமிச்சை உப்பு விட்ட அன்னைக்கே, அலசாம இதை ஊத்தவே கூடாது. அமிலத்தோட சேர்ந்தா குளோரின் வாயு வரும்.

வண்டி நிக்குதேன்னு இன்சூரன்ஸை மட்டும் விட்டுராதீங்க. மட்டை விழறதும், தீப்பிடிக்கறதும், திருட்டுப் போறதும் நிக்கற வண்டிக்கும் நடக்கும். பாலிசி முடிஞ்சு 90 நாள் தாண்டினா இத்தனை வருஷம் சேர்ந்த நோ கிளெய்ம் போனஸ் முழுக்கப் போயிரும். புகைச் சான்றிதழ் தேதி ஐப்பசி, கார்த்திகையில முடியறதுன்னா, நிறுத்தறதுக்கு முன்னாலயே புதுசு எடுத்து வெச்சுக்கங்க.